தீவுக்குப் பெட்ரோல் எதில் போக வேண்டும்? பீப்பாய், பார்ஜ், பெரிய டேங்கர், சின்ன டேங்கர்

1942 அக்டோபர் 13ஆம் தேதி ராத்திரி. தென் பசிபிக்கின் குவாடல்கனால் தீவில் அமெரிக்கர்கள் பிடித்து வைத்திருந்த ஹெண்டர்சன் விமானத்தளத்தின் மீது கோங்கோ, ஹருனா என்ற இரண்டு ஜப்பானியப் போர்க்கப்பல்கள் 14 அங்குலக் குண்டுகளைத் தொள்ளாயிரத்துக்கும் மேல் கொட்டித் தீர்த்தன. விடிந்து பார்த்தால் பறக்கத் தகுந்த விமானங்கள் கொஞ்சம் மிச்சமிருந்தன. அவற்றில் ஊற்றப் பெட்ரோல்தான் இல்லை. இருந்ததில் பெரும்பகுதி எரிந்துபோயிருந்தது. அடிபட்டுக் கிடந்த பி-17 குண்டுவீச்சு விமானங்களின் டேங்கிலிருந்து உறிஞ்சி எடுத்தார்கள். முன்பு எங்கோ பதுக்கி வைத்த பீப்பாய்களைத் தேடிப் பிடித்தார்கள். அடுத்த சில நாட்கள் அந்தத் தளம் உயிரோடிருந்தது அப்படித்தான்.

கப்பல் சரித்திரம் படிப்பவர்கள் போர்க்கப்பல், விமானந்தாங்கி, நீர்மூழ்கி என்றே போய்விடுகிறோம். பெட்ரோல் சுமந்த கப்பல்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. டேங்கர் கப்பலில் பம்ப்மேனாக வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு அந்த வருத்தம் உண்டு. அதனால் அன்றைய திட்டக்காரர்கள் முன்னால் இருந்த கேள்வியையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். துறைமுகம் இல்லாத ஒரு தீவு, அதில் விமானத்தளம், சுற்றிலும் எதிரி. பெட்ரோலை எதில் அனுப்புவது? இரண்டாம் உலகப்போரில் எல்லா வழிகளையுமே முயன்று பார்த்திருக்கிறார்கள். எந்தக் கப்பல் எங்கே போனது, எப்படி முடிந்தது என்ற வரலாற்றை வைத்தே தீர்ப்புச் சொல்லலாம்.

அளவு மனதில் நிற்க ஒரு வழி செய்கிறேன். நம்மூர் நெடுஞ்சாலையில் ஓடும் பெட்ரோல் டேங்கர் லாரி ஒன்றுக்கு 20,000 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இனி எல்லாவற்றையும் லாரிக் கணக்கிலேயே சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். கப்பல் எரிக்கும் கறுப்பு எண்ணெயும் விமானம் குடிக்கும் பெட்ரோலும் ஒரே சாதி இல்லை. ஃபர்னஸ் ஆயிலை 60 டிகிரிக்கு மேல் சூடாக்கினால்தான் பற்றக்கூடிய ஆவி கிளம்பும். பெட்ரோலோ உறைபனிக் குளிரிலும் ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, மேலே போகாது. ஒருமுறை இறக்கும் வேலையின்போது ஹோஸ் இணைப்பில் கேஸ்கெட் கசிந்தது. வெயிலில் டெக்கை ஒட்டி, தார்ச்சாலையில் தெரியும் கானல் மாதிரி, ஒரு நெளிவு பின்பக்கமாக நகர்ந்து போவதைக் கண்ணால் பார்த்தேன். பின்பக்கம்தான் சமையலறை. வால்வை மூடுவதற்குள் நெஞ்சு உலர்ந்துவிட்டது. அமைதிக் காலத்தில், கரையோரம், குண்டு போட யாரும் இல்லாத நேரத்திலேயே அப்படி. இன்னொன்று, விமானப் பெட்ரோலில் தண்ணீரோ துருவோ கலக்கவே கூடாது. நேற்று கறுப்பு எண்ணெய் ஏற்றிய டேங்கில் இன்று இதை ஏற்ற முடியாது. அதனால்தான் இதற்கென்றே கப்பல் வேண்டியிருந்தது.

முதலில் பீப்பாய். இதற்குத் தனிக் கப்பல் வேண்டாம், துறைமுகம் வேண்டாம், எந்தச் சரக்குக் கப்பலிலும் ஏறும், கடலில் தள்ளிவிட்டால்கூட மிதந்து கரைக்கு வரும். 55 கேலன் பீப்பாய் என்றால் 208 லிட்டர், எடை 170 கிலோவைத் தொடும். குவாடல்கனாலில் அதைக் கரையிலிருந்து உருட்டி, லாரியில் ஏற்றி, விமானத்தின் பக்கத்தில் நிறுத்தி, ஷாமி தோல் வைத்த புனலில் வடிகட்டிக் கையால் ஊற்றினார்கள். தண்ணீரும் அழுக்கும் தோலில் தங்கிவிடும், பெட்ரோல் மட்டும் இறங்கும். அவசரத்துக்குச் சரக்கு விமானங்களிலும் பீப்பாய் வந்தது. ஒரு சி-47 விமானம் பன்னிரண்டு பீப்பாய் கொண்டுவரும். பன்னிரண்டு சண்டை விமானங்களை ஒரு மணி நேரம் வானத்தில் வைத்திருக்க அது போதும். ஒரு மணி நேரம்தான்! ஆம்பர்ஜாக் என்ற நீர்மூழ்கிக் கப்பலையே பெட்ரோல் வண்டியாக்கிப் பக்கத்துத் தீவான துலாகிக்கு அனுப்பினார்கள். அதில் வந்தது 9,000 கேலன். நம் கணக்கில் இரண்டு லாரிகூட நிறையாது. உயிர் போகிற நேரத்துக்குப் பீப்பாய் சரி. அதை மட்டும் நம்பித் தளம் நடத்த முடியாது.

அடுத்தது பார்ஜ். சொந்த இயந்திரம் இல்லாத தட்டைப் படகான பார்ஜில் பெட்ரோல் நிரப்பி, இன்னொரு கப்பலால் கட்டி இழுத்துப்போவது. காகிதத்தில் இது பிரமாதமாகத் தெரியும். சீக்கிரம் கட்டலாம், செலவு குறைவு, ஆழமில்லாத இடத்துக்கும் போகும். அந்த அக்டோபரிலேயே இதைச் செய்து பார்த்தார்கள். நான்கு பார்ஜ்கள், ஒவ்வொன்றிலும் 2,000 பேரல் (எண்ணெய்க் கணக்கில் ஒரு பேரல் 159 லிட்டர்) பெட்ரோல், கூடவே 500 குண்டுகள். பார்ஜுக்குப் பதினாறு லாரி கிடைக்கிறது, பரவாயில்லை. ஆனால் அமெரிக்கர்களின் பின்தளமான எஸ்பிரிட்டு சாண்டோ தீவிலிருந்து குவாடல்கனால் சுமார் 550 கடல் மைல். இழுவையில் 6 நாட் வேகம், அதாவது மணிக்கு 6 கடல் மைல், என்று வைத்தால் ஏறக்குறைய நான்கு பகல், நான்கு இரவு. எதிரி விமானம் ஒன்று பார்த்துவிட்டால் ஓடவும் முடியாது.

பார்த்துவிட்டது. பெரும்பாலான கப்பல்கள் திரும்பிவிட்டன. மெரிடித் என்ற நாசகாரிக் கப்பலும், விரியோ என்ற இழுவைக் கப்பலும், ஒரே ஒரு பார்ஜும் தொடர்ந்து போயின. அக்டோபர் 15 அன்று விரியோ மெதுவாக இருப்பதால் அதைக் கைவிட முடிவு செய்து, அதன் ஆட்களை மெரிடித்தில் ஏற்றிக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து ஜுய்காகு விமானந்தாங்கியின் விமானங்கள் வந்து மெரிடித்தைச் சில நிமிடங்களில் மூழ்கடித்தன. தெப்பங்களில் மூன்று நாள் கிடந்து, காயத்தாலும் தாகத்தாலும் சுறாக்களாலும் இறந்தவர்களைச் சேர்த்து இருநூறுக்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். விரியோவும் பார்ஜும் கீறல் இல்லாமல் மிதந்துகொண்டிருந்தன. பிறகு தேடிப் பிடித்து மீட்டார்கள். பதினாறு லாரிப் பெட்ரோலுக்காக ஒரு நாசகாரியும் இருநூறு உயிர்களும். இந்த ஒரு சம்பவம் போதும், இழுவை பார்ஜ் மீது எனக்கு இருக்கும் வெறுப்புக்கு.

மறுநாளே இன்னொன்று. மெக்ஃபார்லண்ட் என்ற கடல்விமானத் துணைக்கப்பல் 40,000 கேலன், அதாவது ஏழெட்டு லாரி பெட்ரோலோடு குவாடல்கனால் கரைக்கு வந்து, பக்கத்தில் ஒரு பார்ஜை அணைத்துக்கொண்டு பம்ப் செய்துகொண்டிருந்தது. குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. பார்ஜ் தீப்பற்றியது, கயிற்றை அறுத்து விட்டார்கள். கடைசிக் குண்டு கப்பலின் பின்பக்கத்தையே பெயர்த்தது. அப்போதுதான் தளத்துக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்த சண்டை விமானி ஹாரோல்ட் பாவர், டேங்கில் மிச்சமிருந்த கொஞ்சப் பெட்ரோலோடு திரும்பிப் போய் நான்கு விமானங்களைத் தனியாளாகச் சுட்டு வீழ்த்தினார்.

1943 செப்டம்பரில் நவாஹோ என்ற இழுவைக் கப்பல், ஒய்ஓஜி-42 என்ற பெட்ரோல் பார்ஜை இழுத்துப் போகும்போது டார்ப்பிடோ பட்டுச் சில நிமிடங்களில் மூழ்கியது. இங்கும் பார்ஜ் தப்பித்தது. எஃகுத் தட்டுப்பாட்டில் கான்கிரீட்டால் கட்டிய பார்ஜ் அது. ஹவாயில் லானாய் தீவின் கரையோரப் பவளப்பாறையில் ஏறி உட்கார்ந்து, சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுக்கும் துருப்பிடித்த சிதிலமாக இருக்கிறது. இழுத்துப்போன கப்பலோ கடலடியில்.

அப்படியானால் பெரிய டேங்கர்? கடற்படையிடம் சிமரான் வகை எண்ணெய்க் கப்பல்கள் இருந்தன. 553 அடி நீளம், 18 நாட் வேகம், 1,40,000 பேரலுக்கும் மேல் கொள்ளளவு. கறுப்பு எண்ணெயோடு தனி டேங்குகளில் விமானப் பெட்ரோலும் கொண்டுபோகும். விமானந்தாங்கிகளுக்குக் கடல் நடுவே ஓடிக்கொண்டே கொடுப்பதற்கு இதைவிட நல்ல கப்பல் கிடையாது. ஆனால் நிறைசுமையில் 32 அடிக்கு மேல் நீரில் அமிழும். பவளப்பாறை சூழ்ந்த தீவின் கரைக்கு அதனால் வரவே முடியாது. தூரத்தில் நங்கூரம் போட்டுவிட்டு மறுபடி பார்ஜில்தான் இறக்க வேண்டும். தவிர, எல்லா முட்டையும் ஒரே கூடையில். 1944 நவம்பர் 20 அன்று பசிபிக்கின் உலித்தி நங்கூரத்தளத்தில் மிசிசினேவா என்ற எண்ணெய்க் கப்பலை ஜப்பானின் மனிதன் ஓட்டும் கைட்டன் டார்ப்பிடோ ஒன்று அடித்தது. அதில் 4,04,000 கேலன் விமானப் பெட்ரோல் இருந்தது. எழுபத்தைந்து லாரிக்கும் மேல். அதற்குமேல் ஆயிரக்கணக்கான பேரல் கறுப்பு எண்ணெய். 63 பேர் இறந்தார்கள்.

ஆக, பெரியது கரைக்கு வராது, பார்ஜ் வேகமாக வராது. இடையில் ஒன்று வேண்டும். அந்த இடைவெளிக்கென்று கட்டியவைதான் ஏஓஜி என்ற குறியீட்டில் வந்த பெட்ரோல் டேங்கர்கள். அவற்றிலும் இரண்டு வகை. உண்மையான ஒப்பீடு இனிமேல்தான்.

ஒன்று படாப்ஸ்கோ வகை, கடற்படையே தன் தேவைக்கு வரைந்தது. 310 அடி நீளம், நிறைசுமையில் 15 அடி 8 அங்குலம் அமிழும், டீசல்-மின்சார இயந்திரம், இரட்டைச் சுழலி (ப்ரொப்பெல்லர்), 15 நாட் வேகம், நான்கு 3 அங்குலப் பீரங்கிகள், சுமார் 130 ஆட்கள். பெட்ரோல் சுமார் 2,000 டன். லாரிக் கணக்கில் நூற்று முப்பதுக்கும் மேல். இன்னொன்று மெட்டாவீ வகை. வணிகக் கப்பலுக்கான டி1 வடிவத்தை எடுத்துக் கடற்படை வேலைக்கு மாற்றியது. 220 அடி நீளம், 13 அடி அமிழும், ஒற்றைச் சுழலி, 10 நாட், அறுபது பேர், சுமார் 1,200 டன். எண்பது லாரி.

மெட்டாவீயை ஆதரிப்பவர்கள் சொல்லும் நியாயம் சாதாரணமானது இல்லை. ஆள் பாதி. ஆழம் இன்னும் குறைவு. வணிகக் கப்பல் வடிவம் என்பதால் சின்னக் கப்பல்கட்டும் தளங்களும் கட்டிவிடும். படாப்ஸ்கோ கேட்கும் மாதிரியான டீசல்-மின்சார இயந்திரத்தை நீர்மூழ்கிகளும் பாதுகாவல் கப்பல்களும் கேட்டுக்கொண்டிருந்தன. போர்க்காலத்தில் பணத்தைவிட இயந்திரம்தான் தட்டுப்பாடு. ஒரு படாப்ஸ்கோவுக்குப் பதில் இரண்டு மெட்டாவீ கட்டினால் ஒன்று போனாலும் ஒன்று மிஞ்சும்.

அதே 550 கடல் மைல் பாதையில் இரண்டையும் ஓட விடுங்கள். 15 நாட் கப்பல் முப்பத்தேழு மணி நேரத்தில் போய்ச் சேரும். 10 நாட் கப்பலுக்கு ஐம்பத்தைந்து. பதினெட்டு மணி நேர வித்தியாசம் என்றால் ஆபத்தான கடலில் கூடுதலாக ஒரு முழுப் பகல். எதிரி விமானம் தேடுவது பகலில்தானே. துணைக்கு வரும் நாசகாரியும் அந்தப் பகல் முழுக்க அதோடு ஊர்ந்தாக வேண்டும். மெரிடித் கதையில் கொன்றது இந்த மெதுவேகம்தான். ஒற்றைச் சுழலிக்கு இன்னொரு பலவீனம். கரையோரம், காற்றிலும் நீரோட்டத்திலும், ஹோஸைக் கொடுத்துவிட்டு ஒரே இடத்தில் நிற்க வேண்டும். இரட்டைச் சுழலி இருந்தால் ஒன்றை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் ஓட்டிக் கப்பலை நின்ற இடத்திலேயே திருப்பலாம். ஒற்றைச் சுழலியில் அது நடக்காது. மெட்டாவீ அளவுச் சின்ன டேங்கர்களில் ஒன்றான ஷீப்ஸ்காட் 1945 ஜூன் 6 அன்று இவோ ஜிமா கரையில் அடித்து ஒதுக்கப்பட்டு நாசமானது. அங்கே துறைமுகம் கிடையாது, எரிமலை மணல் கரையில் அலை நேராக வந்து அடிக்கும். படாப்ஸ்கோ இருந்திருந்தால் தப்பியிருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு எந்தக் கப்பல் வேண்டும் என்று கேட்டால் இரண்டு சுழலி உள்ளதைத்தான் கேட்பேன்.

கட்டும் தளம் கிடைக்காது என்ற வாதத்துக்குப் பதில், படாப்ஸ்கோ வகை கட்டப்பட்ட இடத்திலேயே இருக்கிறது. மொத்தம் 23. முதல் ஐந்தைப் பசிபிக் கரையில் சியாட்டில்-டகோமா தளத்தில் கட்டினார்கள். மிச்சம் பதினெட்டையும் கட்டியது கார்கில் என்ற தானிய வியாபார நிறுவனம். இடம் மின்னசோட்டா மாநிலத்தின் சாவேஜ். கடலிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு மைலுக்கும் மேல் உள்ளே, அமெரிக்காவின் நடுவயிற்றில். மின்னசோட்டா ஆற்றை 9 அடி ஆழத்துக்குத் தூர்வாரி, பக்கவாட்டில் ஆற்றுக்குள் சரித்து இறக்கி, மிசிசிப்பி வழியாகக் கடலுக்கு அனுப்பினார்கள். ஒன்பது அடி ஆற்றில் வெறும் வயிற்றோடு இறங்கிவரக் கூடிய கப்பல் என்பதே அதன் குணத்தைச் சொல்லிவிடுகிறது. இந்த வகையின் முதல் கப்பல் படாப்ஸ்கோ 1943 பிப்ரவரி 4 அன்று பணியில் சேர்ந்தது. ஜப்பானியர்கள் குவாடல்கனாலை விட்டு வெளியேறி முடித்தது அதே வாரம். எந்தத் தீவுக்கு மிகவும் தேவைப்பட்டதோ, அந்தத் தீவின் சண்டை முடிந்த பிறகே கப்பல் வந்தது. மெட்டாவீக்கு ஆதரவான வலுவான வாதம் இதுதான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நல்ல கப்பல் தாமதமாக வந்தால் பீப்பாய்கூட அதைவிட மேல்.

போருக்குப் பிறகான வாழ்க்கை இந்த ஒப்பீட்டில் எனக்கு முக்கியம். மெட்டாவீ வகையில் பெரும்பாலானவற்றை 1946க்குள் கடற்படை விடுவித்துவிட்டது. படாப்ஸ்கோ வகையோ கொரியப் போர் வந்ததும் மறுபடி அழைக்கப்பட்டது. 1955-56இல் நெஸ்பெலன் அண்டார்டிகாவின் மக்மர்டோவுக்குப் பெட்ரோல் கொண்டுபோனது. அதே பயணத்தில் ஒய்ஓஜி-34, ஒய்ஓஜி-70 என்ற இரண்டு பார்ஜ்களையும் இழுத்துப்போய்ப் பனியில் உறைய விட்டுக் கரைச் சேமிப்புத் தொட்டியாக்கினார்கள். பார்ஜை நான் மெச்சும் ஒரே இடம் அது. அது ஓட வேண்டியதில்லை, நின்றால் போதும். நமகாகன் 1962இல் நியூசிலாந்துக் கடற்படைக்குப் போய் எண்டவர் என்ற பெயரில் 1971 வரை தென்துருவப் பக்கம் சரக்கு சுமந்தது. அங்கிருந்து தைவானுக்குப் போய் இன்னொரு பெயர் வாங்கியது.

வியட்நாமில் இவை பட்ட பாடுதான் என் தீர்ப்புக்கு முழு ஆதாரம். 1965இல் சூ லாய் விமானத்தளம் மணலில் அலுமினியத் தகடு பரப்பிப் போட்ட தளம், துறைமுகம் இல்லை. ஜெனசி கரைக்கு எட்ட நின்று, மிதவை கட்டிய ஹோஸ் வழியாகப் பெட்ரோலைக் கரைக்கு அழுத்தியது. குவாடல்கனாலில் இருந்த அதே பிரச்சினை. இருபத்து மூன்று வருடம் கழித்து அதற்கு ஒழுங்கான விடை. படாப்ஸ்கோ, நாக்ஸுபி, கிஷ்வாக்கி, எல்க்ஹார்ன், டாம்பிக்பீ எல்லாம் அந்தக் கரையில் உழைத்தன. பிறகு ஜெனசி சிலிக்கும், டாம்பிக்பீ கிரேக்கத்துக்கும், எல்க்ஹார்ன் தைவானுக்கும் போயின. 1943-44இல் ஒரு தானியக் கம்பெனி ஆற்றங்கரையில் கட்டிய கப்பலை முப்பது வருடம் கழித்தும் மூன்று நாட்டுக் கடற்படைகள் வேண்டும் என்று வாங்கிக்கொண்டன.

நியாயமாக டாண்டி வகையையும் சொல்ல வேண்டும். 1945இல் கட்டிய டி1 வடிவத்தின் பெரிய உருவம், 325 அடி நீளம், 10 நாட். ரின்கன், நோடவே, பெட்டலுமா போன்ற இவை கடற்படைப் போக்குவரத்துச் சேவையில் சிவிலியன் ஆட்களோடு 1950 முதல் பல பத்தாண்டுகள் ஓடின. பீரங்கி கிடையாது, ஆள் குறைவு, செலவு குறைவு. யாரும் சுடாத கடலில் படாப்ஸ்கோவைவிட இவைதான் புத்திசாலித்தனம். இதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

படாப்ஸ்கோ வகையின் குறைகளை மறைக்கவும் கூடாது. இயந்திரம் சிக்கலானது, வயதானால் மக்கர் செய்யும். 1954 பிப்ரவரி இறுதியில் மார்ஷல் தீவுகளின் எனிவெடோக்கிலிருந்து முழுவேகத்தில் கிளம்பிப் போகும்படி படாப்ஸ்கோவுக்கு உத்தரவு வந்தது. சிலிண்டர் லைனர் ஒன்று விரிசல் விட்டிருந்ததால் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் போக முடிந்தது. மார்ச் 1 அன்று பிகினியில் காஸில் பிராவோ ஹைட்ரஜன் குண்டு வெடித்தபோது கப்பல் கிழக்கே 200 கடல் மைல்கூடத் தாண்டவில்லை. மறுநாள் பிற்பகல் கதிரியக்கச் சாம்பல் டெக்கில் விழுந்தது. அளக்கக் கருவி கப்பலில் இல்லை. அது இன்னதென்று தெரியாமல் ஆட்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சரக்கின் குணமும் மாறவில்லை. 1949 அக்டோபர் 7 அன்று, போரெல்லாம் முடிந்து நான்கு வருடம் கழித்து, சமோவாவின் டுட்டுய்லாவில் துறையில் கட்டியிருந்த செஹாலிஸ் வெடித்து மூழ்கியது. ஆறு பேர் இறந்தார்கள். எதிரி இல்லை, புயல் இல்லை. சுமார் 160 அடி ஆழத்தில் கிடந்த அதன் டேங்குகளிலிருந்து 2010இல் முக்குளிப்பு வீரர்கள் ஏறத்தாழ 60,000 கேலன் பெட்ரோலை வெளியே எடுத்தார்கள். அறுபத்தொரு வருடம் கடலடியில் இருந்தும் பதினோரு லாரிப் பெட்ரோல் மிச்சம்.

இனி என் தேர்வு. சண்டை நடக்கும் தீவு, துறைமுகம் இல்லை என்றால் படாப்ஸ்கோ, சந்தேகமே இல்லை. அந்தக் கப்பல் கட்டி முடிய ஆறு மாதம் ஆகும், தளம் இன்றைக்கே வறண்டு கிடக்கிறது என்றால் கிடைத்த கப்பலின் டெக்கில் எல்லாம் பீப்பாய் அடுக்கி ராத்திரியில் அனுப்புவேன், மெட்டாவீ கிடைத்தால் அதையும் கூட்டத்தோடு அனுப்புவேன். பின்தளத்திலிருந்து பின்தளத்துக்கு என்றால் டாண்டி வகை, சிவிலியன் ஆட்கள். பெரிய எண்ணெய்க் கப்பல் விமானந்தாங்கிகளோடே இருக்கட்டும். பார்ஜை ஒருமுறை கொண்டுபோய் நங்கூரம் போட்டு, தொட்டியாக அங்கேயே விட்டுவிடுவேன். எதிரி விமானம் எட்டும் கடலில் பெட்ரோல் பார்ஜைக் கட்டி இழுக்கும்படி எந்த மாலுமிக்கும் உத்தரவு போட மாட்டேன்.